பி.சி.ஜி.
காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. என்றதும் இடது கைத் தழும்புதான் நினைவுக்கு வரும். 'பி' என்பது பாசில்லஸ், கோல்வடிவக் கிருமி; 'சி'யும் 'ஜி'யும் கால்மெட், கெரான் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள். மாட்டுக் காசநோய்க் கிருமியை, பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்குத் துண்டுகளில் 13 ஆண்டுகள், சுமார் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து வீரியம் குறைத்தார்கள். 1921இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். அந்தப் பொறுமையைக் கைகூப்பித்தான் வணங்க வேண்டும்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் இதுவே மருந்து என்பதை 1976இல் கனடா மருத்துவர் மொராலெஸ் எழுதினார். தசைக்குள் இறங்காத கட்டியைச் சுரண்டி எடுத்தபின், மெல்லிய குழாய் வழியே இந்த மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் விடுவார்கள். வாரம் ஒருமுறை, 6 வாரம். இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்க வேண்டும். கிருமியைத் தாக்கத் திரளும் உடலின் காவல் அணுக்கள் புற்றணுக்களையும் அழிக்கின்றன.

சிறுநீரில் வலியில்லாமல் ஒரே ஒருமுறை ரத்தம் வந்தாலும், அது இந்தப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம்; மருத்துவரைப் பாருங்கள்.