படகுக்கு வழிவிட்ட பாலம்

கொச்சியில் மட்டாஞ்சேரிப் பக்கம் 'பழைய பாலம்' என்றால் போதும், விளங்கிவிடும். ஹார்பர் பாலம் என்றும் சொல்வார்கள். தோப்பும்படியிலிருந்து காயலைக் கடந்து வில்லிங்டன் தீவில் ஏறுகிறது. அது பிறப்பதற்கு முன் அந்தத் தீவு பிறக்க வேண்டியிருந்தது.

நூறாண்டுக்கு முன்பு கொச்சித் துறைமுகத்தின் வாயை ஒரு மணல்திட்டு அடைத்துக் கிடந்தது. பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரம் போட்டுவிடும். மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளின் மிளகும் இஞ்சியும் தோணியேறி அலையில் ஆடிக்கொண்டு அங்கே போய்ச் சேர வேண்டும். திட்டை வெட்டித் துறைமுகம் அமைக்க 1920இல் வந்து இறங்கியவர் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ. அனுப்பியது மதராஸ் அரசு! கோட்டைக் கொச்சி அன்று மதராஸ் மாகாணத்தில் இருந்தது. அதை ஒட்டிய மட்டாஞ்சேரியோ கொச்சி மகாராஜாவின் சீமை. 1928 மே 26 அன்று 'பத்மா' கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது.

தோண்டிய மண்ணைக் காயலுக்குள்ளேயே கொட்டி மேடாக்கினார்கள். அதுதான் தீவு, மதராஸ் ஆளுநராக இருந்த வில்லிங்டனின் பெயரைச் சூட்டினார்கள். கப்பல்துறையை நடுக்காயலில் வைத்தாகிவிட்டது, சரக்கு கரைக்கு வரவேண்டுமே? எர்ணாகுளம் பக்கம் வெண்டுருத்திப் பாலம், மட்டாஞ்சேரி பக்கம் இந்தப் பாலம். உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1940களின் தொடக்கத்தில் இது எழுந்தது.

ஆனால் பாலத்துக்குக் கீழே ஓடும் கால்வாய் வழியாகத்தான் வள்ளங்களும் படகுகளும் போய்வந்தன. பாலத்தைத் தாழ்வாகப் போட்டால் அவற்றின் பாதை அடைபடும். உயரமாகப் போட்டால் இரு கரையிலும் நெடுந்தூரத்துக்கு ஏற்றம் கட்டவேண்டும், மாட்டுவண்டி திணறும். எனவே பாலம் தாழ்வாகவே கிடந்தது, நடுக்கண்ணை மட்டும் தூக்கும்படி செய்தார்கள். படகு வந்தால் சாலை காத்திருக்கும்! பாம்பனில் 1914இலேயே ரயில் பாலம் இப்படிக் கப்பலுக்கு வழிவிடத் தொடங்கிவிட்டது. அங்கே இரண்டு இறக்கைகளை ஆட்களே கைவிசையால் சுழற்றித் தூக்கினார்கள்.

பிறகு சரக்கு லாரிக்கு மாறியது. 2001இல் பக்கத்திலேயே புதிய பாலம் வந்தது. கட்டணம் வாங்கிய அந்தப் பாலத்துக்கு ஊரார் வைத்த பெயர் பி.ஓ.டி. (கட்டி, இயக்கி, ஒப்படைத்தல்) பாலம். கனரக வண்டிகள் அங்கே போய்விட்டன. பழைய பாலத்தின் நடுக்கண் தூக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. உப்புக்காற்றில் இரும்பு சும்மா கிடந்தால் துருதான் தின்னும். தார் போடுவதும் கைப்பிடிக்கு வண்ணம் பூசுவதும் பராமரிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பாலத்தின் உயிர் அந்தத் தூக்குவிசையில் இருக்கிறது. அதைச் சீர்செய்து ஆண்டுக்கு ஒரு நாளாவது ஒரு வள்ளத்துக்காகத் தூக்கிக் காட்டலாம்.

சீன வலை பார்க்கக் கொச்சிக்குப் போகிறவர்கள் ஒரு நடை இந்தப் பாலத்தையும் நடந்து கடந்து பாருங்கள்.