விளையாட்டுக் கணனியும் தெரிவுச் சுதந்திரமும்: முறைவழியாக்கி, தாய்ப்பலகை உறவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கணனி விளையாட்டுகளில் ஈடுபாடு கொண்ட ஒருவர் தமக்கெனக் கணனியொன்றைப் பகுதி பகுதியாக வாங்கி இணைக்க முற்படும்போது முதலில் எதிர்கொள்ளும் வினா, எந்த முறைவழியாக்கியை எந்தத் தாய்ப்பலகையில் பொருத்துவது என்பதாகும். கணிப்பு வேலைகளை ஆற்றும் சில்லு முறைவழியாக்கி. அச்சில்லையும் நினைவகத்தையும் வரைவியல் அட்டையையும் தாங்கி அவற்றை ஒன்றோடொன்று தொடர்புபடுத்துவது தாய்ப்பலகை. இவ்விரண்டும் சந்திக்கும் இடமே ‘சொக்கற்’ என வழங்கும் குதையாகும். ஒரு நிறுவனத்தின் சில்லு மற்றொரு நிறுவனத்தின் சில்லுக்கென அமைந்த குதையில் பொருந்தாது என்பதும், ஒரே நிறுவனத்தின் சில்லுகளுக்குக்கூடச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தாய்ப்பலகை வேண்டப்படும் என்பதும் இன்று இயற்கை விதிகள் போல ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. ஆயின், வரலாற்று அடிப்படையில் நோக்குமிடத்து, இவ்வெல்லைகளைப் பொறியியல் தேவைகள் மட்டும் வகுக்கவில்லை என்பது புலனாகும். உரிமங்களும் வழக்குகளும் சந்தைப் போட்டியும், சிற்சில வேளைகளில் கொள்வனவாளரின் எதிர்ப்பும் அவற்றை வகுத்துள்ளன.

தெரிவின் தோற்றம்

1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆந் திகதி ஐ.பீ.எம். நிறுவனம் தனது தனியாட் கணனியை வெளியிட்டது. இன்ரெல் நிறுவனத்தின் 8088 என்னும் சில்லு அதில் 4.77 மெகாஹேட்ஸ் வேகத்தில் இயங்கியது. விரைவாகச் சந்தையை அடையும் நோக்குடன் ஐ.பீ.எம். அக்கணனியின் பெரும்பாலான பாகங்களை வெளியாரிடமே வாங்கியது. இன்றியமையாத சில்லுக்கு ஒரேயொரு உற்பத்தியாளரை நம்பியிருத்தல் ஆபத்தானது என்பது அந்நிறுவனத்தின் கருத்தாக இருந்தது. எனவே இரண்டாவது வழங்குநர் ஒருவர் இருத்தல் வேண்டும் என அது வற்புறுத்தியது. இதன் விளைவாக 1982இல் இன்ரெலுக்கும் ஏ.எம்.டீ. நிறுவனத்துக்கும் இடையே தொழினுட்பப் பரிமாற்ற ஒப்பந்தம் ஏற்பட்டது. ஒரே வகைச் சில்லை இருவரிடம் வாங்கலாம் என்ற நிலை இவ்வாறே பிறந்தது. ஒரு பெரிய கொள்வனவாளரின் பேரம்பேசும் வலிமையே அதனைப் பெற்றுத் தந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

தாய்ப்பலகை தனியொரு வணிகப் பண்டமானமைக்கும் இத்தகைய காரணங்கள் உள. ஐ.பீ.எம். கணனியில் அந்நிறுவனத்துக்கே உரிமையாயிருந்த முக்கிய கூறு, கணனியைத் தொடக்கி வைக்கும் ‘பயோஸ்’ என்னும் அடிப்படை மென்பொருளாகும். கொம்பாக் நிறுவனம் அதனைப் பிரதிபண்ணாது, அதன் செயற்பாட்டை மட்டும் ஆராய்ந்து, தனக்கென ஒன்றை எழுதி 1982இல் இசைவான கணனியொன்றை அறிவித்தது. 1984இல் பீனிக்ஸ் நிறுவனம் அத்தகைய மென்பொருளைப் பிறருக்கும் விற்கத் தொடங்கியது. தாய்ப்பலகையிற் சிதறிக்கிடந்த பல சில்லுகளின் வேலையை ஒருசில சில்லுகளில் அடக்கிய துணைச் சில்லுத்தொகுதிகளும் 1980களின் நடுப்பகுதியில் விற்பனைக்கு வந்தன. பெருமுதல் அற்ற சிறு நிறுவனங்களும் இதனாற் தாய்ப்பலகை உற்பத்தியில் இறங்க முடிந்தது. தாய்வான் இத்துறையின் நடுநிலையமாக வளர்ந்தது.

வழக்கும் பெயரும்

1985இல் வெளிவந்த 386 சில்லின் உற்பத்தி உரிமையை ஏ.எம்.டீ. நிறுவனத்துக்கு வழங்க இன்ரெல் மறுத்தது. கொம்பாக் 1986இலேயே 386 கணனியை வெளியிட்டு ஐ.பீ.எம். நிறுவனத்தை முந்தியிருந்தமையால், இரண்டாவது வழங்குநரைக் கோரி வற்புறுத்தும் ஆற்றல் அப்பெரிய கொள்வனவாளரிடம் முன்போல் இருக்கவில்லை. பிணக்கு 1987இல் நடுத்தீர்ப்புக்குச் சென்றது. ஏ.எம்.டீ. 1991இல் தனது 386 சில்லை வெளியிட்டது. இரு நிறுவனங்களும் 1995இல் இணக்கம் கண்டன. இதற்கிடையே, 386 என்ற எண்ணை ஒரு நிறுவனம் தன் வணிகக் குறியாக உரிமை கோர இயலாது என 1991இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்த்தது. 1993இல் இன்ரெலின் புதிய சில்லு எண்ணைத் துறந்து ‘பென்ரியம்’ என்னும் பெயரைச் சூடியமைக்கு இத்தீர்ப்பு ஒரு காரணமாகும்.

விளையாட்டு அளித்த புதிய அளவுகோல்

1990களின் நடுப்பகுதியில் ஏழாம் இலக்கக் குதை கொண்ட தாய்ப்பலகையொன்றில் இன்ரெல், ஏ.எம்.டீ., சைரிக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் சில்லுகளையும் பொருத்த முடிந்தது. கொள்வனவாளரின் சுதந்திரம் உச்சத்தில் இருந்த காலம் இது எனலாம். எனினும் மூன்று சில்லுகளும் எல்லா வேலைக்கும் சமமானவை அல்ல என்பதை உணர்த்தியவை விளையாட்டுகளே. 1993 திசம்பரில் வெளிவந்த ‘டூம்’ பெரும்பாலும் முழுவெண் கணிப்பிலே தங்கியிருந்தது. 1996 யூனில் வெளிவந்த ‘குவேக்’ முப்பரிமாணக் காட்சிகளை வரைவதற்குத் தசம எண் கணிப்பைப் பெரிதும் வேண்டி நின்றது. பென்ரியத்தின் தசம எண் கணிப்புப் பகுதியை நுணுகிப் பயன்படுத்தும் வகையில் அது எழுதப்பட்டிருந்தது. சைரிக்ஸ் நிறுவனத்தின் 133 மெகாஹேட்ஸ் சில்லொன்று, அலுவலக வேலைகளில் 166 மெகாஹேட்ஸ் பென்ரியத்துக்கு நிகரானது என்ற பொருளில் ‘166+’ எனப் பெயர் பெற்றிருந்தது. ‘குவேக்’ விளையாட்டில் அச்சில்லு பின்தங்கியது. பெயரிலுள்ள எண்ணைக் கொண்டு சில்லைத் தெரிவது போதாது. அது ஆற்றவேண்டிய வேலையின் இயல்பைக் கொண்டே தெரிதல் வேண்டும் என்ற பாடத்தை விளையாட்டாளர் அன்று கற்றனர். குதை பொதுவாக இருந்தமையால், தவறாகத் தெரிந்தவர் சில்லை மட்டும் மாற்றி அத்தவற்றைத் திருத்திக்கொள்ளவும் முடிந்தது.

பிரிந்த குதை

1997 மே மாதத்தில் வெளியான இரண்டாம் பென்ரியம் இந்நிலையை மாற்றியது. அது குதையைக் கைவிட்டு, பேழை வடிவில் நீண்ட பிளவொன்றிற் செருகப்பட்டது. பதுக்கு நினைவகத்தைத் தனிச் சில்லுகளாக முறைவழியாக்கியின் அருகில் வைக்கவேண்டியிருந்தமை இதற்குக் கூறப்பட்ட பொறியியல் காரணம். அது மெய்யான காரணமே. ஆனால் அப்பிளவினூடு சென்ற தரவுப் பாட்டையைப் பயன்படுத்தும் உரிமம் ஏ.எம்.டீ. நிறுவனத்துக்குக் கிட்டவில்லை. 1999இல் பதுக்கு நினைவகம் சில்லினுள்ளேயே அடங்கிய செலரோன்கள் மீண்டும் குதைக்குத் திரும்பின. பிளவுக்கான பொறியியல் காரணம் அகன்ற பின்னரும் இரு நிறுவனங்களுக்கிடையே எழுந்த சுவர் அகலவில்லை.

அதே ஆண்டில் வெளிவந்த ஏ.எம்.டீ. நிறுவனத்தின் அத்லோன் இதற்குத் தெளிவான சான்றாகும். அது செருகப்பட்ட பிளவு, பௌதிக வடிவில் இன்ரெலின் பிளவையே ஒத்திருந்தது. ஆனால் மின்னியல் அடிப்படையில் டிஜிற்றல் நிறுவனத்தின் அல்பா சில்லுக்கென அமைக்கப்பட்ட பாட்டையை அது பின்பற்றியது. வடிவம் ஒன்றாயிருந்தும் பொருந்தாமை நிலவியது. அன்றுமுதல் முறைவழியாக்கியைத் தெரிவுசெய்பவர் தாய்ப்பலகையின் இனத்தையும் அதனுடன் சேர்த்தே தெரிவுசெய்பவரானார்.

சுவருக்குள் அகப்பட்ட நிலையிலும் கொள்வனவாளர் வழி தேடினர். 1998 ஆகஸ்டில் மலிவுச் சில்லாக வந்த செலரோன் 300ஏ, 66 மெகாஹேட்ஸ் பாட்டையை 4.5 மடங்காக்கி 300 மெகாஹேட்ஸில் இயங்கியது. மடங்கெண் பூட்டப்பட்டிருந்தது, பாட்டையின் வேகமோ தாய்ப்பலகையின் ஆளுகையில் இருந்தது. அதனை 100 ஆக உயர்த்தியபோது பல சில்லுகள் 450 மெகாஹேட்ஸில் இயங்கின. அக்காலத்தில் மிக உயர்ந்த விலைக்கு விற்கப்பட்ட இரண்டாம் பென்ரியத்தின் வேகமும் அதுவே. நல்ல தாய்ப்பலகை சில்லின் பெறுமதியையே மாற்றவல்லது என்ற எண்ணம் விளையாட்டாளரிடையே இதன்வழி வேரூன்றியது.

அண்மைக்கால அனுபவங்கள்

2017இல் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள் ஒப்புநோக்கத்தக்கவை. இன்ரெலின் எட்டாந் தலைமுறைச் சில்லுகள், முந்திய தலைமுறைக்குரிய 1151 தொடுமுனைகள் கொண்ட அதே குதை வடிவையே பயன்படுத்தின. எனினும் சில மாதங்களுக்கு முன் விற்பனைக்கு வந்த தாய்ப்பலகைகள் அவற்றை ஏற்கவில்லை. மின்வழங்கல் ஏற்பாட்டில் செய்யப்பட்ட மாற்றம் காரணமாகக் காட்டப்பட்டது. ஆர்வலர் சிலர் பழைய பலகைகளைத் திருத்தியமைத்து அச்சில்லுகளை அவற்றில் இயக்கிக் காட்டியமையால், அக்காரணம் முழுமையானதா என்ற ஐயம் எழுந்தது. அதே ஆண்டில் ஏ.எம்.டீ. நிறுவனம் றைசன் சில்லுகளை ‘ஏ.எம்.4’ குதையுடன் விளையாட்டாளரிடம் கொண்டுவந்து, அக்குதையைப் பல ஆண்டுகள் பேணுவதாக வாக்களித்தது.

அவ்வாக்கும் சோதனைக்கு உள்ளாகாமல் இருக்கவில்லை. 2020 மே மாதத்தில், அடுத்து வரவிருந்த சில்லுகளை 400 வரிசைத் தாய்ப்பலகைகள் ஏற்கமாட்டா என ஏ.எம்.டீ. அறிவித்தது. பயோஸ் மென்பொருளைத் தாங்கும் நினைவகத்தின் கொள்ளளவு போதாமை காரணமாகக் கூறப்பட்டது. கொள்வனவாளர் வன்மையாக எதிர்த்தனர். இரு வாரங்களுக்குள் அந்நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. 2022 ஏப்பிரலில் வெளிவந்த 5800எக்ஸ்3டி என்னும் சில்லு, 96 மெகாபைற் மூன்றாம் மட்டப் பதுக்கு நினைவகத்தின் துணையால் விளையாட்டுகளிற் சிறந்து விளங்கியது. 2017இல் விற்கப்பட்ட தாய்ப்பலகைகள் பலவற்றிலும், பயோஸ் புதுப்பிக்கப்பட்ட பின், அச்சில்லு இயங்கியது.

எல்லா மாற்றங்களையும் வணிகச் சூழ்ச்சி எனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. நினைவகத்தின் வகை மாறும்போது குதையும் மாறவேண்டி வருவதுண்டு. 2022இல் வந்த ‘ஏ.எம்.5’ குதை ஐந்தாந் தலைமுறை நினைவகத்துடன் இணைந்தே வந்தது. நீண்டகால இசைவுக்கும் ஒரு விலை உண்டு. புதிய சில்லுகளுக்கு இடமளிக்கும்பொருட்டுச் சில பலகைகளின் பயோஸ் மென்பொருளிலிருந்து பழைய சில்லுகளுக்கான ஆதரவு நீக்கப்பட்டது. ஆகவே ஒவ்வோர் எல்லையையும் தனித்தனியே ஆராய்ந்து, அதில் பொறியியலின் பங்கு யாது, உடைமையின் பங்கு யாது எனப் பிரித்தறிதலே முறையாகும்.

இவ்வரலாற்றிலிருந்து தெளிவாகும் உண்மை ஒன்றுண்டு. ஐ.பீ.எம். வற்புறுத்தியபோது இரண்டாவது வழங்குநர் கிடைத்தார். அவ்வற்புறுத்தல் தளர்ந்தபோது உரிமம் மறுக்கப்பட்டது. 2020இல் சிதறிக் கிடந்த பயனாளர் ஒருமித்துப் பேசியபோது அடைபட்ட வழி மீண்டும் திறந்தது. கொள்வனவாளரின் குரல் வலுப்பெறும்போதெல்லாம் தெரிவின் எல்லை விரிந்துள்ளது. விளையாட்டுக் கணனிக்கு முறைவழியாக்கியைத் தேடுபவர் வேகத்தையும் விலையையும் ஒப்பிடுவதோடு, தாய்ப்பலகையிலுள்ள குதை இன்னும் எத்தனை தலைமுறைச் சில்லுகளை ஏற்கும், அதனைத் தீர்மானிப்பவர் யார் ஆகிய வினாக்களையும் எழுப்புதல் அவசியமாகும்.