ஊடல் அறையும் ஒளிப்படமும்



பிரெஞ்சு மொழியிலே 'பூட்வார்' என்றொரு சொல் உண்டு. பெருமனைகளில் பெண்ணொருத்திக்கென ஒதுக்கப்பட்ட தனியறையை அது குறிக்கும். உடை மாற்றவும், கடிதம் எழுதவும், உற்ற தோழியரோடு உரையாடவும் அவள் அங்கே ஒதுங்குவாள். அச்சொல்லின் வேரைத் தேடிப் போனால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளுதல், பிணங்குதல் என்று பொருள்படும் வினைச்சொல் ஒன்றில் போய் நிற்கிறோம். தமிழ் படித்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நம்முடைய ஊடல்தான் அது. ஆக, பூட்வார் என்பது ஊடல் அறை.

இந்த அறையின் பெயரால் இன்று ஒரு புகைப்பட வகை உலகெங்கும் வழங்குகிறது. பெண்ணொருத்தி தன் அந்தரங்க அறையில், தனக்கு விருப்பமான உடையில், தனக்காகவோ தன் துணைவனுக்காகவோ எடுப்பித்துக்கொள்ளும் படம் அது. திருமணம் நிச்சயமாகியிருந்த என் அக்காவின் மகள் ஒருநாள் வந்து கேட்டாள்:

“சித்தி, கலியாணத்துக்கு முந்தி எனக்கெண்டு அப்பிடி நாலு படம் எடுக்க விருப்பம். எடுக்கிறதும் ஒரு பொம்பிளைப் பிள்ளைதான். ஆனா நினைச்சாலே நெஞ்சு படபடக்குது. எப்பிடி என்னைத் தயார்படுத்துறது?”

அவள் பவுடரைப் பற்றியோ சேலையைப் பற்றியோ கேட்கவில்லை. துணிவைப் பற்றிக் கேட்டாள். உடனே விடை சொல்ல எனக்கு வரவில்லை. தமிழ் படிப்பிக்கிறவள் நான். விடை தெரியாதபோது பழைய நூல்களைப் புரட்டுவதே எனக்குத் தெரிந்த வழி.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையிலே மாதவி தன்னை ஒப்பனை செய்துகொள்கிறாள். பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஆகியவை ஊறிய நன்னீரிலே கூந்தலை ஆட்டுகிறாள். அகிற்புகை ஊட்டுகிறாள். காலிலிருந்து தலைவரை அணிகலன்கள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. தமிழில் ஒப்பனைக்கு இதைவிட விரிவான பட்டியல் காண்பது அரிது. ஆனால் அவ்வளவும் எதற்காக? ஊடிக்கொண்டிருந்த கோவலன் மனம் மகிழவேண்டும் என்பதற்காக. அதே காப்பியத்தில் கணவனைப் பிரிந்த கண்ணகியோ அணிகளைக் களைந்து நிற்கிறாள். பார்க்கும் கண் இருந்தால் கோலம். அது விலகினால் கோலமும் இல்லை. பெண்ணின் ஒப்பனை நெடுங்காலமாக மற்றவர் பார்வையின் கையிலேயே இருந்து வந்திருக்கிறது.

1839ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் டாகெரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன்பின் அப்பார்வைக்கு ஓர் இயந்திரக் கண்ணும் கிடைத்தது. தொடக்கத்தில் ஒரு படம் பதிவாகச் சில நிமிடங்கள் வரை அசையாது இருக்கவேண்டும். தலை ஆடாதபடி பின்னால் இரும்புத் தாங்கி பொருத்துவார்கள். பழைய படங்களில் நம் முன்னோர் சிரிக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த இயந்திரக் கண்ணைத் தன் சொற்படி நடக்கச் செய்தவள் காஸ்திலியோனே சீமாட்டி என்ற இத்தாலியப் பெண். 1856இல் பாரிசுக்கு வந்த அவள், பியேர்-லூயி பியர்சன் என்ற படப்பிடிப்பாளரைக் கொண்டு நாற்பது ஆண்டுகளில் நானூறுக்கும் மேற்பட்ட படங்களை எடுப்பித்தாள். எந்த உடை, எந்தக் கோணம், படத்தில் எங்கே வண்ணம் தீட்டவேண்டும் என்பனவற்றை அவளே முடிவு செய்தாள். அக்காலத்துப் பெண்கள் மறைத்து வைத்த தன் கால்களையும்கூடப் படமாக்கினாள். ஊர் பழித்தது. ஆயினும், புகைப்படக் கருவியின் முன் தன்னைத் தானே இயக்கிக்கொண்ட முதற் பெண்களில் ஒருத்தி அவள் என்பதை மறுக்க இயலாது.

கருவியின் பின்னால் ஒரு பெண் நின்றாலே போதும், அச்சம் தீர்ந்துவிடும் என்று நாம் எண்ணக்கூடும். நம் நாட்டிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி அப்படியல்ல என்கிறது. புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 1879இல் இங்கேயே காலமானவர். களுத்துறையில் இருந்த அவர் வீட்டுக்கு 1877ஆம் ஆண்டளவில் மரியான் நோர்த் என்ற தாவர ஓவியர் விருந்தாளியாகச் சென்றார். கமரன் அவருக்குக் காஷ்மீரக் கம்பளித் துணியைப் போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, உச்சி வெயிலில் தென்னோலை தலையிற் குத்தும்படி நிறுத்திவைத்து, இயல்பாக இருக்கும்படி சொன்னாராம்! நோர்த் தம் நினைவுக் குறிப்புகளில் இதனை நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். எடுப்பவரும் பெண், இருப்பவரும் பெண். ஆனாலும் கோலம் எடுப்பவருடையது. இருப்பவருக்குக் கிடைத்தது வியர்வை மட்டுமே.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1892இல், ஐதராபாத்தில் வேறொரு முயற்சி நடந்தது. நிசாமின் அரசவைப் படப்பிடிப்பாளர் லாலா தீன் தயாள், திரைமறைவில் வாழ்ந்த பெண்களுக்கென்றே தனியான ஸ்ரூடியோ ஒன்றைத் திறந்து, அதனைக் கென்னி-லெவிக் என்ற ஆங்கிலப் பெண்மணியின் பொறுப்பில் விட்டார். சுற்றிலும் உயர்ந்த மதில். உள்ளே ஆண்களுக்கு இடமில்லை. யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைத்த பின்னரே அப்பெண்கள் கருவியின் முன் அமர்ந்தார்கள். துணிவு என்பது அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பொருளன்று. அந்த மதில் தந்த பொருள்.

யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பங்களுக்கு அத்தகைய மதில் வாய்க்கவில்லை. என் அம்மாவின் கதையைச் சொல்கிறேன். 1976ஆம் ஆண்டு. சம்பந்தம் பேசுவதற்குப் படம் வேண்டுமென்று மாமி அவரைப் பட்டணத்து ஸ்ரூடியோ ஒன்றுக்குக் கூட்டிச் சென்றார். சேலை மாமியுடையது, பதக்கஞ் சங்கிலி அயல்வீட்டாருடையது. “நாடியை நிமித்து” என்றார் படம் எடுத்தவர். “சிரிச்சுப்போடாதை, அடக்கமில்லாத பெட்டை எண்டு நினைப்பினம்” என்றார் மாமி. மூன்று பிரதிகள் அடித்தார்கள். அவை சாதகக் குறிப்போடு மூன்று வீடுகளுக்குப் போயின. ஒரு வீட்டிலே பொருத்தம் சரிவந்தது. அதுவே என் அப்பாவின் வீடு. மற்ற இரண்டு பிரதிகளும் திரும்பி வரவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமமே எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, காணி உறுதிகளையும் சான்றிதழ்களையும்தான் எடுக்க முடிந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தோம். அலுமாரி இருந்தது; அல்பம் இல்லை. அப்பாவிடமிருந்த பிரதியும் அதோடு போயிற்று. இளமைக் காலத்துப் படமென்று இன்று அம்மாவிடம் எஞ்சியிருப்பது பழைய தேசிய அடையாள அட்டையில் உள்ளது ஒன்றுதான். அந்த அட்டை முறை 1972இல் நாட்டிலே தொடங்கியது. சோதனைச் சாவடிதோறும் காட்டவேண்டி இருந்ததால், அது அவர் உடம்போடு ஒட்டியே கிடந்தது, அதனால் தப்பியது.

“என்ரை படம் இப்பவும் ஆற்றையோ வீட்டு லாச்சியிலை கிடக்கும். என்னட்டைத்தான் இல்லை” என்று அம்மா சிலவேளை சொல்வார்.

ஒரு படம் மாப்பிள்ளை வீட்டார் கேட்டது. மற்றது அரசாங்கம் கேட்டது. அவராகக் கேட்ட படம் ஒன்றுகூட இல்லை.

இத்தனையையும் அசைபோட்ட பின்னரே பிள்ளைக்கு விடை சொன்னேன். “முதலிலை, இது உன்ரை விருப்பமோ, ஆரும் கேட்டதுக்காகவோ எண்டு உன்னையே கேள். ஆரும் கேட்டதெண்டால் போகாதை. உன்ரை விருப்பமெண்டால், எடுக்கிற பிள்ளையை ஒருநாள் முன்னமே சந்தித்துக் கதை. அறையிலை வேறை ஆர் நிற்பினம், படங்கள் எந்தக் கருவியிலை இருக்கும், எப்ப அழிக்கப்படும், விளம்பரத்துக்குப் போடுவினமோ எண்டதெல்லாத்தையும் எழுத்திலை வாங்கு. இடையிலை வேண்டாமெண்டு சொல்ல உனக்கு உரிமை இருக்கு. அதையும் முன்கூட்டியே சொல்லிவை. உடுப்பை வீட்டிலை ஒருக்கா உடுத்து, இருந்து எழும்பிப் பார். புதுப் பூச்சு ஒண்டையும் அண்டைக்கு முகத்திலை பரீட்சிக்காதை. முதல்நாள் நல்லாய் நித்திரை கொள். வெறுவயித்தோடை போகாதை. சிரிப்பு வந்தால் சிரி.”

அவள் போனாள், எடுத்தாள். அந்தப் படங்களை நான் பார்க்கவில்லை, பார்க்கக் கேட்கவுமில்லை. அவை அவளுடையவை.

ஆனால் ஒரு படத்தைப் பார்த்தேன். அந்தப் படப்பிடிப்பாளப் பிள்ளையை அவள் ஒருநாள் எங்கள் வீட்டுக்கும் அழைத்து வந்திருந்தாள், அம்மம்மாவை எடுப்பதற்காக. எழுபதை எட்டிய அம்மா முதலில் மறுத்தார். பின்பு ஒரு கேள்வி கேட்டார்:

“எடுத்தாப் பிறகு இது ஆற்றை கையிலை இருக்கும்?”

“உங்கடை கையிலை, அம்மம்மா.”

அம்மா அறைக்குள் போய்த் தன் சொந்தச் சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு வந்து, யன்னலோரக் கதிரையிலே அமர்ந்தார். நாடியை நிமிர்த்தும்படி யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.