தொழில்நுட்பப் புத்தகங்கள்: சந்தா கட்டுவதா, சொந்தமாக வாங்குவதா?

மென்பொருள், தரவு அறிவியல், இணையப் பாதுகாப்பு போன்ற துறைகளில் வேலை செய்வோருக்கும், வேறு வேலையில் இருந்துகொண்டே அத்துறைகளுக்கு மாற முயல்வோருக்கும் புத்தகச் செலவு சிறியதன்று. ஆங்கிலத் தொழில்நுட்ப நூல் ஒன்றின் அச்சுப் பிரதியை சிங்கப்பூரில் வாங்கினால் பெரும்பாலும் 60 முதல் 100 வெள்ளி வரை ஆகிறது. மாதச் சந்தா கட்டினாலோ பல்லாயிரம் நூல்கள் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன.

இரண்டில் எது சிக்கனம்? எத்தனை புத்தகம் படிக்கிறோம் என்பதோடு, படிக்கும் புத்தகம் எத்தனை ஆண்டு பயன்படும் என்பதையும் பார்த்தால்தான் இதற்குச் சரியான விடை கிடைக்கும்.

சந்தா நூலகம் எப்படி இயங்குகிறது?

இவ்வகை நூலகங்களில் பரவலாக அறியப்பட்டது ஓ’ரைலி நிறுவனத்தின் கற்றல் தளம். ஓ’ரைலியும் பியர்சன் பதிப்பகமும் 2001ல் கூட்டாகத் தொடங்கிய ‘சஃபாரி புக்ஸ் ஆன்லைன்’ சேவைதான் பின்னர் இப்பெயர் பெற்றது. தொடக்க காலத்தில் சந்தாதாரருக்கு ஒரு மெய்நிகர் அலமாரி தரப்பட்டது. அதில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான நூல்களை மட்டுமே வைத்துக்கொள்ள முடியும். இன்றைய சந்தாவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பியர்சன், மேனிங், பேக்ட், ஏப்ரெஸ், வைலி எனப் பல பதிப்பகங்களின் நூல்களுடன் காணொளிப் பாடங்களும் கிடைக்கின்றன.

ஆனால், ஒரு நூலை மட்டும் மின்னூலாக வாங்க நினைப்பவருக்கு அத்தளத்தில் வழியில்லை. தனி மின்னூல் விற்பனையை ஓ’ரைலி தன் தளத்தில் 2017 ஜூன் மாதத்துடன் நிறுத்திக்கொண்டது. அதன் நூல்களை மற்ற விற்பனையாளர்களிடம்தான் தனியாக வாங்க முடியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஓ’ரைலியின் தனிநபர் கட்டணம் அண்மை ஆண்டுகளில் மாதம் 49 அமெரிக்க வெள்ளி, ஆண்டுக்கு 499 அமெரிக்க வெள்ளி. ஓர் அமெரிக்க வெள்ளிக்கு 1.30 சிங்கப்பூர் வெள்ளி என வைத்துக்கொள்வோம். பொருள், சேவை வரி 9 விழுக்காடும் சேர்ந்தால் ஆண்டுச் சந்தா ஏறக்குறைய 707 வெள்ளி, மாதச் சந்தா ஏறக்குறைய 69 வெள்ளி. வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கு 2020 முதலும், வெளிநாட்டிலிருந்து வாங்கும் குறைந்த மதிப்புள்ள பொருள்களுக்கு 2023 முதலும் இவ்வரி பொருந்துவதால், இணையத்தில் வரவழைக்கும் அச்சு நூலின் விலையிலும் அதைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அச்சு நூல் ஒன்று 80 வெள்ளி என்றால், ஆண்டுச் சந்தாவின் விலையில் எட்டு நூல்கள் வாங்கி மிச்சமும் இருக்கும். ஓர் ஆண்டில் ஒன்பது தொழில்நுட்ப நூல்களை உண்மையிலேயே படித்து முடிப்பவர்கள் குறைவு.

மாதச் சந்தாவின் கணக்கு வேறு. ஒரு மாதக் கட்டணம் ஏறக்குறைய ஒரு நூலின் விலைதான். மூன்று மாதம் கட்டினால் சுமார் 208 வெள்ளி, அதாவது மூன்று நூல்களின் விலைகூட இல்லை. அந்த மூன்று மாதத்தில் ஐந்தாறு நூல்களில் தேவையான அத்தியாயங்களைப் படிப்பவருக்குச் சந்தாவே மலிவு. பத்து மாதத்துக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தினால்தான் ஆண்டுச் சந்தாவில் சேமிப்பு உண்டு.

நூலின் ஆயுள் முக்கியம்

தொழில்நுட்ப நூல்களில் சில விரைவில் பழையதாகிவிடும், சில பல ஆண்டுகள் நிலைக்கும்.

இணையப் பாதுகாப்புத் துறைக்குள் நுழைய விரும்புவோர் பலர் எழுதும் ‘செக்யூரிட்டி பிளஸ்’ தேர்வை எடுத்துக்கொள்வோம். 2020 நவம்பரில் அறிமுகமான அதன் 601 பதிப்புக்குப் பதிலாக, 2023 நவம்பரில் 701 பதிப்பு வந்தது. 2024 ஜூலையில் பழைய தேர்வு முற்றிலும் நிறுத்தப்பட்டது. 601 தேர்வுக்காக வாங்கிய வழிகாட்டி நூலை அதன்பின் தேர்வுக்காகப் படிக்க முடியாது. பைத்தான் மொழி ஆண்டுக்கொரு புதிய பதிப்பையும், ஆங்குலர் ஆறு மாதத்துக்கொரு பெரிய பதிப்பையும் வெளியிடுகின்றன. இவை போன்றவற்றுக்கான கையேடுகளைச் சந்தாவில் படிப்பதே பொருத்தம்.

மறுபுறம், கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய சி மொழி நூல் 1978ல் வெளிவந்தது. அதன் 1988ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு இன்றும் விற்பனையில் உள்ளது. டொனால்ட் கனூத்தின் ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ முதல் தொகுதி 1968ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அல்காரிதம், தரவுத்தளக் கோட்பாடு, இயங்குதளம், புள்ளியியல் போன்ற அடிப்படை நூல்கள் வேலை மாறினாலும் கூடவே வரும். வீவக வீட்டு அலமாரியில் இடம் குறைவாக இருந்தாலும் அவற்றுக்கு ஒரு தட்டை ஒதுக்கலாம்.

சந்தா நின்றால் என்ன மிஞ்சும்?

சந்தா வாசிப்பதற்கான அனுமதியை மட்டுமே தருகிறது. கட்டணம் நின்ற நாளில் அனைத்து நூல்களும் ஒருசேர மூடிக்கொள்ளும். பதிப்பகத்துடனான ஒப்பந்தம் முடிந்தால், சந்தா கட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு நூல் மறையவும் கூடும். வேலையிழந்து செலவைக் குறைக்கும் மாதத்தில்தான் பலர் சந்தாவை நிறுத்துவார்கள். அடுத்த நேர்காணலுக்குப் புத்தகம் அதிகம் தேவைப்படும் மாதமும் அதுவே.

‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்திப் பெறும் மின்னூலும் எப்போதும் நமக்குச் சொந்தமாகிவிடாது. மைக்ரோசாஃப்ட் தனது மின்னூல் கடையை 2019ல் மூடியபோது, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. ஆனால் நூல்களைப் படிக்க முடியாமல் போனது. நகல் தடுப்புப் பூட்டு இல்லாத மின்னூல்களுக்கு இச்சிக்கல் இல்லை. அச்சு நூல் வாங்குவோருக்கு அதன் மின்னூலையும் இலவசமாகத் தரும் மேனிங் போன்ற பதிப்பகங்கள் உள்ளன. தாளும் வேண்டும், தேடும் வசதியும் வேண்டும் என்போருக்கு அது நல்ல வழி.

தாளில் படிப்பதா, திரையில் படிப்பதா?

2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளை ஒருங்கிணைத்து 2018ல் வெளியான ஓர் ஆய்வில், தகவல் சார்ந்த உரைகளைத் தாளில் படித்தவர்களின் புரிதல் சற்றுக் கூடுதலாக இருந்தது. நேரக் கட்டுப்பாடு இருந்தபோது வேறுபாடு இன்னும் அதிகரித்தது. புதிய கோட்பாட்டை முதலிலிருந்து கற்பவருக்குத் தாள் உதவும். வேலைக்கு நடுவே ஒரு கட்டளையையோ பிழைக்கான தீர்வையோ தேடுபவருக்குத் திரையே வசதி.

பணம் கட்டும் முன்

முதலில் தேசிய நூலக வாரியத்தின் மின்வளங்களைப் பாருங்கள். உறுப்பினர்களுக்கு அவை இலவசம். ‘லிபி’ செயலி வழி மின்னூல்களை இரவல் பெறலாம். அச்சு நூலை 21 நாள்களுக்கு வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்த பிறகு, வாங்கத் தகுந்ததா என முடிவு செய்யலாம். பல்கலைக்கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் தங்கள் நூலகத்திலும், ஊழியர்கள் தங்கள் மனிதவளப் பிரிவிலும் கேட்டுப் பார்க்க வேண்டும். நிறுவனமே சந்தா கட்டியிருந்தும் ஊழியருக்கு அது தெரியாமல் இருப்பதுண்டு.

ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிகளுக்கானது, அதைக் கொண்டு கடையில் புத்தகம் வாங்க முடியாது. ‘ப்ரோ கிட்’, ரஸ்ட் மொழிக்கான அதிகாரபூர்வ நூல் போன்றவற்றை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். அடிப்படை நூல்களின் பழைய பிரதிகளை பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் கடைகளில் தேடிப் பார்க்கலாம், ஆனால் எந்தப் பதிப்பு என்பதைக் கவனித்து வாங்குங்கள்.

எப்படி முடிவெடுப்பது?

அடுத்த ஆறு மாதத்தில் படிக்க வேண்டிய நூல்களைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும், ஐந்து ஆண்டு கழித்தும் இது வேண்டுமா எனக் குறியுங்கள். ‘வேண்டும்’ என்பவை ஒன்றிரண்டுதான் இருக்கும், அவற்றை வாங்கிவிடுங்கள். ‘வேண்டாம்’ என்பவை நான்குக்கு மேல் இருந்து, நூலகத்திலும் கிடைக்காவிட்டால், அவற்றை இரண்டு மூன்று மாதத்துக்குள் படிக்குமாறு திட்டமிட்டு மாதச் சந்தா எடுங்கள்.

பத்து நாள் இலவச முன்னோட்டத்தை, நேரம் ஒதுக்க முடிகிற வாரத்தில் தொடங்குங்கள். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும் என்பதால், நிறுத்த வேண்டிய நாளைக் கைப்பேசி நாள்காட்டியில் அன்றே பதிந்துவிடுங்கள். படிக்கும்போது எடுக்கும் குறிப்புகளை அந்தத் தளத்தில் மட்டும் விட்டுவைக்காமல் சொந்தக் கோப்பிலோ நோட்டுப் புத்தகத்திலோ எழுதுங்கள். சந்தா முடிந்த பிறகும் அந்தக் குறிப்புகள் உங்களிடம் இருக்கும்.