வட கரேலியாவின் வெண்ணெய்

வயதானால் மறதி வரும், அது இயற்கை என்பது பழைய நம்பிக்கை. குறுக்கெழுத்துப் போட்டால் தப்பித்துவிடலாம் என்பது புதிய நம்பிக்கை. இரண்டுமே முதுமையை முதுமைக்குள் வைத்தே பார்க்கின்றன. பின்லாந்தின் கிழக்கோரத்தில், ரஷ்ய எல்லையை ஒட்டிக் கிடக்கும் வட கரேலியாவின் அரை நூற்றாண்டு வரலாறோ, எழுபது வயதின் நினைவாற்றலில் ஒரு பங்கு நாற்பது, ஐம்பதிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்கிறது. அந்த வயதில் ஒருவர் தட்டில் என்ன விழும் என்பதைப் பெரும்பாலும் அவருடைய ஊர்தான் தீர்மானிக்கிறது.

காடும் ஏரியும் நிறைந்த மாகாணம் அது. மரம் வெட்டுவதும் கறவை மாடு வளர்ப்பதும் பிழைப்பு. ரொட்டியில் கனமாக வெண்ணெய், ஆடை எடுக்காத பால், உப்பேறிய பன்றிக்கறி. காய்கறியை மாட்டுத் தீனி என்று ஒதுக்கிய ஆண்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் புகைபிடித்தார்கள். 1960களில் நடுவயது ஆண்கள் இதயநோயால் சாவதில் பின்லாந்து உலகிலேயே முன்னால் நின்றது. பின்லாந்துக்குள் இந்த மாகாணம் முன்னால் நின்றது. 1971-இல் மாகாணப் பிரதிநிதிகள் இதைக் குறைக்க உதவி கேட்டு அரசிடம் மனுக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு தொடங்கிய திட்டத்துக்குத் தலைமையேற்ற மருத்துவர் பெக்கா புஸ்காவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் மருந்துச்சீட்டோடு நிற்காமல், மார்த்தா என்ற இல்லத்தரசிகள் சங்கத்தைத் தேடிப் போனார். கிராமங்களில் பெண்கள் கூடினார்கள். மருத்துவர் கொஞ்ச நேரம் பேசியபின் சமையல் நடந்தது. கொழுத்த பன்றிக்கறி, தண்ணீர், உப்பு என்று வெந்துகொண்டிருந்த பழைய குழம்பில் கறியும் உப்பும் குறைந்தன. கேரட்டும் உருளைக்கிழங்கும் சேர்ந்தன. யாரும் குழம்பை விடச் சொல்லவில்லை. சூட்சுமமே அதில்தான் இருந்தது. மாடு வளர்த்தவர்களில் சிலர் பெர்ரிப் பழச் சாகுபடிக்கு மாறினார்கள். உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணம் அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது.

பக்கத்து மாகாணமான குவோப்பியோவிலும் மரணம் குறைந்ததே, அப்படியிருக்க இதைத் திட்டத்தின் சாதனை என்று எப்படிச் சொல்வது என்று அன்றே கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் முதல் ஐந்தாண்டுக்குப் பிறகு இதே வேலை நாடு முழுவதும் பரவிவிட்டது. ஒப்பிடுவதற்குத் தொடாத இடமே மிஞ்சவில்லை. எவ்வளவு பங்கு யாருக்கு என்று பிரித்துக் கொடுக்க முடியாது. ஒரு மாகாணத்தின் சாப்பாடே மாறக்கூடியது என்பதை மட்டும் யாரும் மறுக்க முடியாது.

இதயத்துக்காக எடுத்து வைத்த அளவுகள் பின்னர் மூளைக்குச் சாட்சியாயின. 1972 முதல் 1987 வரை பரிசோதிக்கப்பட்டவர்களில் 1449 பேரை, அவர்கள் 65 முதல் 79 வயதுக்காரர்களாகியிருந்த 1998-இல் திரும்ப அழைத்துப் பார்த்தார்கள். ஆய்வாளர் மீயா கிவிப்பெல்டோவும் சகாக்களும் 2001-இல் வெளியிட்ட முடிவு இது: நடுவயதில் மேல் ரத்த அழுத்தமோ கொலஸ்ட்ராலோ கூடியிருந்தவர்களுக்கு முதுமையில் அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு அதிகம். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயைக் கெடுப்பது மூளைக்குப் போவதை மட்டும் விட்டுவைக்குமா?

ஒழுங்காக வாழ்பவர்கள் படித்தவர்களாகவும் வசதியுள்ளவர்களாகவும் இருப்பார்கள், காரணம் அதுவாக இருக்கலாமே என்று மறுப்பவர்களுக்குக் கவனிப்பு ஆய்வால் முழுப் பதில் சொல்ல முடியாது. அதற்காகவே ஃபிங்கர் என்ற சோதனை பிறந்தது. மறதிநோய் வரும் ஆபத்து அதிகமிருந்த, 60 முதல் 77 வயதுள்ள 1260 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு நான்கையும் இரண்டாண்டு சேர்த்தே கொடுத்தார்கள். 2015-இல் வந்த முடிவின்படி, ஒட்டுமொத்த அறிவாற்றல் தேர்வில் இவர்களுடைய முன்னேற்றம் மற்றவர்களுடையதைவிட 25 விழுக்காடு அதிகம். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களும் முன்னேறியிருந்தார்கள் என்பதையும், நினைவாற்றலைத் தனியாக அளந்தபோது வித்தியாசம் துலக்கமாக இல்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இது மறதிநோயைத் தடுத்ததற்கான சான்றும் இல்லை. அறுபதுக்கு மேலும் மூளை மேம்படக்கூடியது என்பதற்கான சான்று, அவ்வளவுதான்.

மாரடைப்பில் ஐம்பதில் போயிருக்க வேண்டியவர் எண்பதுவரை இருந்தால் மறதிநோயாளிகளின் தொகை கூடத்தானே செய்யும் என்பது கடைசி ஆட்சேபம். தொகை கூடும், ஆனால் ஒவ்வொரு வயதிலும் நோய் புதிதாகத் தாக்கும் விகிதம் குறையக்கூடியது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1970களின் பிற்பகுதியிலிருந்து அப்படியொரு சரிவைக் கண்டது. பள்ளிப்படிப்பை முடித்தவர்களிடம் மட்டுமே கண்டது. பள்ளிக்கூடமும் உணவுச் சந்தையும் ஒரு முதியவரின் கையில் இல்லை. மறதிக்காரரை அவருடைய சோம்பலுக்காகக் குறை சொல்வது ஆகவே தவறு. உங்கள் வீட்டில் நாற்பதைத் தாண்டியவர்கள் இருந்தால், உடம்புக்கு ஒன்றும் இல்லையென்றாலும், இந்த மாதமே ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் காசு கேட்கமாட்டார்கள்.