நானாவின் பெயருக்குச் சேரும் தங்கச்சி பெயர்: ஒரு சிறு வரலாறு

 

"சேர், மூத்தவனுக்கு ரய்ஹான் எண்டு வச்சிட்டம். இப்ப பிறந்த தங்கச்சிக்கு அதோட சேர்ற மாதிரி ஒரு பெயர் சொல்லுங்க." இப்போதெல்லாம் இளம் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பதில் பிழையில்லை. உடன்பிறப்புகளின் பெயர்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்ற ஆசை மிகப் பழையது. ஆனால் எதில் சேர வேண்டும்? ஓசையிலா, பொருளிலா, குடும்ப வழியிலா? இதற்கு வரலாற்றில் நல்ல பதில்கள் இருக்கின்றன.

முதலில் நம்மைச் சுற்றியுள்ள தீவுகளையே பாருங்கள். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, புங்குடுதீவு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல எல்லாவற்றுக்கும் பின்பாதி ஒன்று. முன்பாதி மட்டும் அவரவருக்கு உரியது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தரும் இந்தத் தீவுகளுக்கு ஒரு பெயர்த் தொகுதி வைத்தார்கள். எல்லாம் அவர்கள் நாட்டு நகரங்களின் பெயர்கள். வேலணைத் தீவு லெய்டன், காரைதீவு அம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட், நமது நயினாதீவு ஹார்லெம். பார்க்க அழகான பொருத்தம்தான். ஆனால் அந்தப் பெயர்களுக்கும் இங்கே வாழ்ந்த சனத்துக்கும் எந்த உறவும் இல்லை. இன்று டெல்ஃப்ட் மட்டும் பரவலாக வழங்குகிறது. ஹார்லெம் என்று கேட்டால் நம் பிள்ளைகளுக்கே தெரியாது.

காரைதீவின் கதை வேறு. கிழக்கு மாகாணத்திலும் ஒரு காரைதீவு இருந்ததால், குழப்பத்தைத் தவிர்க்க வடக்கிலுள்ளது காரைநகர் ஆனது. பெயர்கள் ஒன்றுக்கொன்று பொருந்தலாம், ஆனால் ஆள் மாறிப் போகும் அளவுக்கு ஒன்றாகக் கூடாது. இதை ஊர்ப் பெயரே நமக்குச் சொல்லித் தருகிறது.

இனி நம் ஆட்பெயர்களுக்கு வருவோம். 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று நயினாதீவில் இருக்கிறது. பரதேசிகளான வணிகர்கள் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும் என்றும், யானை, குதிரை ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு என்றும், மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதி என்றும் அது சொல்கிறது. அந்த வணிகர்கள் எல்லாரும் அரபுகள் என்று நாம் உரிமை கொண்டாடத் தேவையில்லை. ஆனால் இப்படிக் கப்பல்கள் ஓடிய கடல்வழியில்தான் அரபுப் பெயர்களும் நம் கரைக்கு வந்தன. வந்த பெயர்கள் தமிழ் வாய்க்கு ஏற்ப மாறின. ஹஸன் அசன் ஆனார், முஹ்யித்தீன் முகைதீன் ஆனார், காதிர் காதர் ஆனார், ஸைனப் ஸெயினம்பு ஆனார். கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட நாவலின் பெயரே 'அசன்பேயுடைய கதை'.

அந்தக் காலத்தில் உடன்பிறப்புகளின் பெயர்கள் எப்படிச் சேர்ந்தன? பல குடும்பங்களில் மூத்த மகனுக்கு வாப்பாவின் வாப்பா பெயர், அடுத்தவனுக்கு உம்மாவின் வாப்பா பெயர். நம் ஊர்ச் சைவக் குடும்பங்களுக்கும் இந்த வழக்கம் புதிதல்ல. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுதான் பேரன் ஆயிற்று. பெண் பிள்ளைகளுக்கு மர்யம் பீவி, பாத்திமா பீவி என்றோ, உம்மா, நாச்சியா என்றோ ஒரே பின்பாதி வரும். தீவுகளின் பெயர்களைப் போலத்தான். முன்பாதி பிள்ளைக்கு, பின்பாதி குடும்பத்துக்கு. எதுகை மோனை தேடி யாரும் அலையவில்லை.

பொருளால் சேர்ந்த பெயர்களுக்கு நமக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று நபி (ஸல்) அவர்களின் வீட்டிலேயே இருக்கிறது. ஹிஜ்ரி 3இல் மூத்த பேரர் பிறந்தபோது அலி (ரழி) அவர்கள் 'ஹர்ப்' என்று பெயர் வைத்ததாக முஸ்னத் அஹ்மதில் ஓர் அறிவிப்பு உள்ளது. ஹர்ப் என்றால் போர். நாயகம் அதை மாற்றி ஹஸன் என்றார்கள். அடுத்த ஆண்டு இளையவர் பிறந்தபோதும் அதே 'ஹர்ப்'. அதை ஹுஸைன் என்று மாற்றினார்கள். மூன்றாமவர் முஹ்ஸின். ஹாரூன் (அலை) அவர்களின் பிள்ளைகளான ஷப்பர், ஷப்பீர், முஷப்பிர் ஆகியோரின் பெயர்களை ஒட்டியே இவற்றை வைத்ததாகவும் நாயகம் விளக்கினார்கள். ஹஸன், ஹுஸைன், முஹ்ஸின் மூன்றும் அழகு, நன்மை என்ற பொருளுடைய ஒரே வேரிலிருந்து வருபவை. ஓசையும் சேர்கிறது. ஆனால் அது வேரிலிருந்து வந்த ஓசை.

மூஸா, ஹாரூன் என்ற சகோதரர்களின் பெயர்களையும் எண்ணிப் பாருங்கள். ஓசையில் ஒட்டவே ஒட்டாது. ஆனாலும் ஒன்றைச் சொன்னால் மற்றது தானாக நினைவுக்கு வருகிறது. ரய்ஹான் என்பது நறுமணச் செடி. அவனுடைய தங்கச்சி யாஸ்மினாக, அதாவது மல்லிகையாக இருந்தால் அதுவும் நல்ல சோடிதான்.

வெறும் ஓசையைப் பிடித்துக்கொண்டு போவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அரபியின் பல எழுத்துகள் தமிழில் ஒன்றாகிவிடும். பிர்அவ்னின் மனைவி ஆஸியா ஈமானுக்கு எடுத்துக்காட்டான பெண்மணி. ஆனால் வேறு எழுத்துகளால் ஆன இன்னொரு 'ஆஸியா' உண்டு. அதன் பொருள் மாறுசெய்பவள். அந்தப் பெயருடைய ஒரு பெண்ணுக்கு நாயகம் ஜமீலா என்று மாற்றிவைத்தது முஸ்லிம் கிரந்தத்தில் இருக்கிறது. 'அலீம்' என்று எழுதினால் நன்கறிந்தவன் என்றும் வரும், நோவு தருவது என்றும் வரும். ஓர் எழுத்தை மாற்றினால் நானாவுடன் சேருமே என்று புதுப் பெயர் செய்பவர்கள், அரபி தெரிந்த ஒரு மௌலவியிடம் கட்டாயம் கேளுங்கள்.

இன்னொரு விஷயத்தை ஆசிரியனாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது குடும்பங்கள் புத்தளம், கொழும்பு என்று சிதறின. மூத்த பிள்ளை ஒரு மாவட்டத்தில் பதிவு, இளையது இன்னொரு மாவட்டத்தில். ஒரே வாப்பாவின் பெயர் மூத்தவனின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் 'முகம்மது', இளையவனுடையதில் 'மொஹமட்'. ஒன்றில் காதர், மற்றதில் காதிர். பாடசாலையில் அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பும்போதுதான் இப்படியான வித்தியாசங்கள் கண்ணில் படுகின்றன. வாப்பாவின் காணி உறுதியைக் கொண்டுபோய் நாங்கள் கூடப்பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டி வந்தால், ஒவ்வோர் எழுத்துக்கும் சத்தியக் கடதாசி தேட வேண்டும். ரய்ஹானும் ரய்ஹானாவும் என்று ஓசை சேர்ந்து என்ன பயன், வாப்பாவின் பெயர் சேராவிட்டால்?

ஆகவே என் ஆலோசனை இதுதான். முதலில் பொருளைப் பாருங்கள். அடுத்து, வீட்டுப் பெரியவர்களின் பெயரில் ஒன்றையாவது நினையுங்கள். ஓசை தானாகச் சேர்ந்தால் சந்தோஷம். தூரத்திலிருந்து கூப்பிட்டால் எந்தப் பிள்ளை என்று தெரியட்டும். ஏழாம் நாள் அகீகாவோடு பெயர் வைப்பது சுன்னத். பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். பதிவாளரிடம் போகும்போது மூத்த பிள்ளையின் பத்திரத்தைக் கையில் கொண்டுபோய், வாப்பா, உம்மா பெயர்களை எழுத்துக்கு எழுத்து அதே போல எழுதச் சொல்லுங்கள்.

வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களுடைய வாப்பா, உம்மா, பாட்டன், பாட்டி பெயர்களைக் கேட்டு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். நம் தீவில் நாம் சிறிய தொகை. அந்தப் பெயர்களை நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. பிறந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அல்லாஹ் நல்ல பெயரையும் அந்தப் பெயருக்கேற்ற வாழ்வையும் தருவானாக. ஆமீன்.