கிறிஸ் டெய்லி

அமெரிக்கக் கல்லூரி மகளிர் கூடைப்பந்துப் பயிற்சியாளர். ரட்கர்ஸ் பல்கலைக்கழக வீராங்கனையாக 1982இல் தேசிய மகளிர் கல்லூரிப் பட்டம் வென்றார். கார்னெல், ரட்கர்ஸ் பல்கலைக்கழகங்களில் துணைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு, 1985இல் தலைமைப் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மாவுடன் கனெக்டிகட் பல்கலைக்கழகம் சேர்ந்தார். அதுவரை ஒரே ஒரு பருவத்தில் மட்டுமே தோல்விகளைவிட அதிக வெற்றி கண்டிருந்த அணி அது. 1995இல் தோல்வியே காணாமல் முதல் தேசியப் பட்டம் வென்றது. 2025இல் 12ஆவது பட்டம். வீராங்கனைகளைத் தேடிச் சேர்ப்பது, அவர்களது ஒழுங்கைக் கவனிப்பது, ஆரியெம்மா வராத ஆட்டங்களில் அணியை நடத்துவது எனப் பலவும் டெய்லியின் பொறுப்பு. பெரும்பாலான துணைப் பயிற்சியாளர்களுக்கு அப்பதவி தலைமைக்கான ஏணிப்படி. இவரோ அங்கேயே ஊன்றி நின்றார். அந்த அணியின் நீண்ட உறுதிக்கு ஆரியெம்மாவுக்கு இணையான காரணம் இவரே. 2018இல் மகளிர் கூடைப்பந்துப் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார்.